டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள், இதைச் செய்யுங்கள்

சென்னை புறநகர் ரயில்களில் 26 ஆண்டுகள் டிக்கெட் பரிசோதித்தவள் நான். மக்கள் எங்களை டிடிஆர் என்பார்கள், செக்கர் என்பார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும்போதும் ஒரு காட்சி மனத்தை விட்டுப் போகவில்லை. கல்லூரிப் பையன் ஒருவன், பெட்டியின் இந்தக் கதவில் என்னைப் பார்த்ததும் அந்தக் கதவு வழியாகக் குதித்துவிட்டான். வண்டி இன்னும் நிற்கவில்லை. கால் எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது அவன் அம்மா செய்த புண்ணியம். அன்று அவன் கட்ட வேண்டியிருந்தது 260 ரூபாய்.

அந்த 260 எப்படி வருகிறது என்று தெரிந்திருந்தால் அவன் குதித்திருக்க மாட்டான். சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்குச் சாதாரணக் கட்டணம் 10 ரூபாய். அதோடு அபராதம் 250. அவ்வளவுதான். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138-வது பிரிவு இது. ஆனால் அபராதம் எப்போதும் 250 என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் கட்ட வேண்டிய கட்டணம் எவ்வளவோ அதே அளவு, அல்லது 250 ரூபாய், இந்த இரண்டில் எது அதிகமோ அது. கட்டணம் 100 என்றால் மொத்தம் 350. கட்டணம் 400 என்றால் மொத்தம் 800. தூரப் பயணத்தில் கை கடிப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கே ஏறினீர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால், வண்டி புறப்பட்ட இடத்திலிருந்தே கணக்குப் போடுவார்கள். எழும்பூரில் கிளம்பிய வண்டியில் விழுப்புரத்தில் ஏறியிருப்பீர்கள், மதுரைக்குப் பக்கத்தில் பிடிபடுவீர்கள். வாய்ச்சொல்லில் சந்தேகம் வந்தால் எழும்பூரிலிருந்து கட்ட வேண்டும். நடுவில் திருச்சியில் அந்த வண்டியைப் பரிசோதித்திருந்தால் திருச்சியிலிருந்து கணக்கு. இந்த இடத்தில்தான் பிளாட்பாரம் டிக்கெட் உதவும். அது கையில் இருந்தால், நீங்கள் ஏறிய நிலையம் அதுதான் என்பதற்கு ஆதாரமாகிறது. ‘பிளாட்பாரம் டிக்கெட் வைத்திருந்தால் அபராதமே இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். அபராதம் உண்டு, கட்டணம் மட்டும் நியாயமான தூரத்துக்கு வரும்.

அபராதம் இல்லாமல் போக ஒரே ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. டிக்கெட் வாங்க நேரமே இல்லை என்றால், ஏறுவதற்கு முன்பே கார்டிடம் போய்ச் சொல்லுங்கள். இப்போது அவர் பதவிப் பெயர் ரயில் மேலாளர்; கடைசிப் பெட்டியில் இருப்பார். ‘பிறகு கட்டணம் செலுத்துவார்’ என்று அவர் எழுதிக் கொடுத்தால், கட்டணம் மட்டும் கட்டினால் போதும். எழுத்தில் இருக்க வேண்டும், தலையாட்டினால் போதாது. வண்டி சில விநாடிகளே நிற்கும் சின்ன நிலையங்களில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. கடற்கரை, தாம்பரம் போல வண்டி புறப்படும் இடத்தில் முயன்று பாருங்கள்.

ஏறிவிட்டீர்கள், டிக்கெட் இல்லை. அப்புறம் என்ன? செக்கர் உங்களைத் தேடி வரும் முன் நீங்கள் அவரைத் தேடிப் போங்கள். நீங்களாக வந்து சொன்னாலும் 250 உண்டு, அதில் மாற்றமில்லை. ஆனால் ஏமாற்றும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பது அங்கேயே தெளிவாகிவிடும். இது பெரிய விஷயம். ஏமாற்ற நினைத்துப் பயணம் செய்தால் அது 137-வது பிரிவு. நான் வேலையில் இருந்தவரை அதற்கு ஆறு மாதம் வரை சிறை என்று இருந்தது. அக்காவின் சீசன் டிக்கெட்டைத் தங்கை காட்டுவது, தேதியைத் திருத்துவது, நேற்றைய டிக்கெட்டை நீட்டுவது எல்லாம் ஏமாற்றும் வேலைதான். 260 ரூபாயில் முடிய வேண்டியதைக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நான் பிடித்தவர்களில் நேர்மையான ஆட்களும் நிறையப் பேர். அவர்கள் சறுக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கூட்டத்தில் தள்ளப்பட்டு ஃபர்ஸ்ட் கிளாஸில் ஏறிவிடுவார்கள். உள்ளே பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது; வெளியே எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு பாதையில் ஏசி மின்சார ரயில் வந்ததிலிருந்து இந்தக் குழப்பம் கூடிவிட்டது. அதில் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். சாதாரண டிக்கெட்டோடு ஏறினால் வித்தியாசத் தொகையும் அபராதமும் கட்ட வேண்டும்.

அடுத்தது செல்பேசி. பயணம் செய்துகொண்டே டிக்கெட் எடுத்துவிடலாம் என்று ஏறுகிறவர்கள் உண்டு. வண்டிக்குள்ளேயோ தண்டவாளத்தின் பக்கத்திலோ இருந்தால் ரயில்வேயின் டிக்கெட் செயலி டிக்கெட் தராது. நிலையத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுங்கள், இல்லை மெஷினில் எடுங்கள். டிக்கெட்டைச் செயலியைத் திறந்து அதிலேயே காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் தீர்ந்து செல்பேசி அணைந்தால் டிக்கெட் இல்லாதவர் என்றே கணக்கு. எனக்கே மனசு கஷ்டப்பட்ட இடம் இது. பேட்டரி குறைவாக இருக்கும் நாளில் தயவுசெய்து கவுண்டரில் காகித டிக்கெட் வாங்கிவிடுங்கள்.

சீசன் முடிகிற தேதியைச் செல்பேசியில் அலாரமாக வையுங்கள். சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து தையல் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு முதல் நாளோடு சீசன் முடிந்திருந்தது. அவருக்கே தெரியாது. கையில் 40 ரூபாய்தான். அழுதுவிட்டார். விதியை நான் மாற்ற முடியாது. ஆனால் அந்த லேடீஸ் பெட்டியில் தினமும் கூட வருகிறவர்கள் ஆளுக்குப் பத்து, இருபது என்று இரண்டே நிமிடத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை அதே பெட்டியில் அவர் புது சீசனை எனக்குத் தூரத்திலிருந்தே தூக்கிக் காட்டினார்.

குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டால் அரை டிக்கெட் வேண்டும், பன்னிரண்டு நிறைந்தால் முழு டிக்கெட். இணையத்தில் எடுத்த முன்பதிவு முழுக்க வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள்.

சரி, பணம் கட்டும் நேரம் வந்துவிட்டது. ரொக்கமாகக் கொடுக்கலாம், பல இடங்களில் யுபிஐ வசதியும் இருக்கிறது. இல்லை என்றால் வீட்டுக்குப் போன் செய்து அனுப்பச் சொல்லுங்கள், செக்கர் பொறுத்திருப்பார். மறுத்துச் சண்டை போட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள், அங்கே பணம் மட்டும் போகாது, நாள் முழுக்கப் போய்விடும்.

தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் இல்லை என்பதற்காக ஆண் துணையில்லாத பெண்ணையோ குழந்தையையோ இரவில் நடுவழியில் இறக்கிவிட முடியாது. 139-வது பிரிவு அதைத் தடுக்கிறது. இறக்குவதானால் பகலில்தான், அதுவும் அவர் ஏறிய நிலையம், ஜங்ஷன், வண்டியின் கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர நிலையம் இவற்றில்தான். யாராவது மிரட்டினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண்ணும் 139தான், நினைவில் வைப்பது சுலபம்.

ரசீது வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ‘ரசீது வேண்டாம், நூறு கொடுத்துவிட்டுப் போ’ என்று யார் சொன்னாலும் சரி, சம்மதிக்காதீர்கள். அது அபராதம் இல்லை, லஞ்சம். அடுத்த நிலையத்தில் இன்னொருவர் பிடித்தால் நீங்கள் இன்னும் டிக்கெட் இல்லாதவர்தான். ரசீதில் புறப்பட்ட இடம், இறங்கும் இடம், கட்டணம், அபராதம் நான்கும் சரியாக இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே படியுங்கள். அதில் எழுதியிருக்கும் நிலையம் வரை அதுதான் உங்கள் டிக்கெட். வெளியே போகும் வாசலில் இன்னொரு செக்கர் நிற்பார், அதுவரை கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.