கடல் மணலுக்குப் பவுடர் டப்பா
ஊட்டி, குன்னூர் பக்கமிருந்து சின்னப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் 200 கிராம் முகப்பவுடர் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறுமுன் காலைத் துண்டால் ஒற்றி, காலுக்கு ஒரு டீஸ்பூன் தூவி, கீழ்நோக்கித் தேய்த்தால் மணல் பொலபொலவென உதிரும். மணலை ஒட்டவைப்பது ஈரம்தான். பவுடர் அதை உறிஞ்சிவிடும். 40 பேர் கால் கழுவ, ஆளுக்கு ஒரு லிட்டர் என்றாலும் இரண்டு 20 லிட்டர் கேன் தண்ணீர் வேண்டுமே, அது மிச்சம்.

விரலிடுக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறியதும் குளிருக்கு எல்லோரும் சாக்ஸ் மாட்டுவார்கள். உள்ளே மணல் இருந்தால் உராய்ந்து தோல் வழன்றுவிடும்.

சொட்டச் சொட்ட நனைந்த காலில் தூவினால் பசைதான் மிஞ்சும். சிப்பி கீறிய இடத்துக்கு நல்ல தண்ணீர் மட்டுமே. வீசிங் உள்ள பிள்ளை பக்கத்தில் பவுடரே வேண்டாம்.