பொதுக் கணினியில் மந்திர விசை: எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது

நான் பராமரிக்கும் நூலகக் கூடத்தில் 12 லினக்ஸ் கணினிகள் இருக்கின்றன. ஒன்பதாம் இருக்கையில் ஒரு பெண் ஒரு மணி நேரமாக விண்ணப்பம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அச்சுத்தாள் எடுக்க எழுந்து போன நேரத்தில், பக்கத்து இருக்கைப் பையன் அவருடைய விசைப்பலகையில் ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன், பி மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டான். திரை இருண்டது. விண்ணப்பம் போயிற்று.

பிரிண்ட் ஸ்கிரீன் விசைக்கு சிஸ்ஆர்க்யூ என்று இன்னொரு பெயர் உண்டு. மந்திர விசை என்பது இதுதான். ஆல்ட்டுடனும் ஓர் எழுத்துடனும் சேர்த்து அழுத்தினால் கட்டளை நேராக லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குப் போகிறது. கடவுச்சொல் கேட்காது. பி என்றால் எதையும் சேமிக்காமல் அந்த நொடியே மறுதொடக்கம்.

கோபத்தில் அன்று மாலையே எல்லாக் கணினிகளிலும் இந்த வசதியை முழுவதுமாக அணைத்தேன். அடுத்த வாரம் ஒரு கணினி உறைந்து நின்றபோது மின்கம்பியைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பிறகு வட்டைச் சரிபார்த்து முடிக்கும்வரை வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முழுப்பூட்டு தேவையில்லை. கர்னலின் சிஸ்ஆர்க்யூ அமைப்பில் 0 என்றால் எல்லாம் அடைப்பு, 1 என்றால் எல்லாம் திறப்பு. அதற்கு மேல், வேண்டிய எண்களைக் கூட்டி எழுத வேண்டும்: நினைவகத்தில் தேங்கிய தரவை வட்டில் எழுத 16, வட்டைப் படிக்க மட்டும் என மாற்ற 32, நிரல்களைக் கொல்ல 64, மறுதொடக்கத்துக்கு 128. உபுண்டுவில் இயல்பாக இருக்கும் 176 என்பது 16, 32, 128 மூன்றின் கூட்டுத்தொகை. வீட்டுக் கணினிக்கு அது பொருத்தம். நாலு பேர் கை படும் இடத்துக்கு அல்ல.

64 மீது எனக்குத் தனிப் பயம். ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, எஃப் அழுத்தினால் நினைவகத்தை அதிகம் தின்னும் நிரலைக் கர்னல் கொல்கிறது. பலியாவது திரைப்பூட்டு நிரலாக அமைந்தால், பூட்டிவிட்டுப் போனவருடைய மேசை அப்படியே திறந்துகொள்ளலாம். பொதுக் கூடத்தில் 64 வேண்டவே வேண்டாம்.

நான் வைத்திருப்பது 16 மட்டும். கணினி உறைந்தால் ஆல்ட், சிஸ்ஆர்க்யூவுடன் எஸ் அழுத்தித் தரவை எழுதவிட்டு, பிறகு மின்பொத்தானை அழுத்திப் பிடிக்கிறேன். யாராவது விளையாட்டுக்கு எஸ் அழுத்தினாலும் கேடில்லை. மற்ற கட்டளைகளை என் மேசையிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியே, முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக நுழைந்து, ப்ராக் கோப்புறையில் உள்ள சிஸ்ஆர்க்யூ ட்ரிக்கர் கோப்பில் எழுத்தை எழுதிக் கொடுக்கிறேன். நாம் வைக்கும் எண் விசைப்பலகையை மட்டுமே கட்டுப்படுத்தும். இந்த வழியை அது தடுக்காது.

கணினியை மறுபடி தொடங்கினாலும் எண் நிலைக்க வேண்டுமானால் ஈடிசி கோப்புறையில் உள்ள சிஸ்சிடிஎல்.டி என்ற உட்கோப்புறையில் தனிக் கோப்பு போடுங்கள். ஒரே அமைப்பு இரண்டு கோப்புகளில் இருந்தால் அகரவரிசையில் பின்னால் வருவதே வெல்லும். அதனால் கோப்பின் பெயரை 99 என்று தொடங்குங்கள். அப்படியும் பி வேலை செய்தால், கணினி தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கப்படும் தொடக்க வரியில் யாரோ ‘சிஸ்ஆர்க்யூ ஆல்வேஸ் எனேபிள்ட்’ சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது நம் எண்ணை மதிக்காது.

கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் தனிக் கதை. அதுவும் கணினியை மறுதொடக்கும். கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் உள்ள கணினியில், அந்த விசைகளுக்கான டார்கெட் என்ற அமைப்பை மாஸ்க் செய்தால், அதாவது முடக்கினால், போதும் என்று நானும் நினைத்திருந்தேன். போதாது: 2 நொடிக்குள் 7 முறைக்கு மேல் அழுத்தினால் உடனடியாக மறுதொடக்கம் ஆகும். சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பில் ‘பர்ஸ்ட் ஆக்‌ஷன்’ என்று முடியும் வரியில் ‘நன்’ என்று எழுதினால்தான் அதுவும் அடங்கும்.

கடைசியாக, திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு நீங்களே பி அழுத்திப் பாருங்கள். ‘இந்தச் செயல் முடக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் கர்னல் பதிவில் ஓர் ஆங்கில வரி விழ வேண்டும். சென்ற மாதம் ஒன்பதாம் இருக்கைக் கணினியின் பதிவைத் திறந்தபோது அந்த வரி நான்கு முறை இருந்தது. நான் அழுத்தியது ஒரு முறைதான்.