பழைய மைக்ரோவேவ் சிந்தசைசர் போர்டை 2556 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்புவது எப்படி?

கழித்துக்கட்டிய மைக்ரோவேவ் ரேடியோ கருவிகளின் சிந்தசைசர் போர்டுகள், அதாவது குறிப்பிட்ட அலைவரிசையை உண்டாக்கும் போர்டுகள், ஹாம் (அமெச்சூர் ரேடியோ) சந்தைகளில் சல்லிசாகக் கிடைக்கும். ஆசையாய் வாங்கி வந்து அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பவர்கள்தான் அதிகம், ஏனென்றால் கூடவே சர்க்யூட் படம் வராது. என்னிடமும் அப்படி இரண்டு கிடந்தன. படம் இல்லாவிட்டால் போகட்டும், தான் எந்த அலைவரிசைக்குச் செய்யப்பட்டது என்பதைப் பல போர்டுகள் தாங்களே சொல்லிவிடும். கேட்பதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும்.

அதென்ன 2556? 10 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மெல்லிய சிக்னல்களைப் பிடிக்கும் ஹாம்கள் கூடும் இடம் 10368 மெகாஹெர்ட்ஸ். அதைச் சாதாரண ஹாம் ரேடியோ கேட்கும் 144 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்க, வரும் சிக்னலோடு கலக்க 10224 மெகாஹெர்ட்ஸில் ஒரு லோக்கல் ஆசிலேட்டர் வேண்டும். அதில் நான்கில் ஒரு பங்குதான் 2556, நான்கு மடங்காக்கினால் 10224 வந்துவிடும். இது புது யோசனை இல்லை. குவால்காம் நிறுவனம் 1988-ல் தொடங்கிய ஓம்னிட்ராக்ஸ் என்ற லாரிச் சேவையின் செயற்கைக்கோள் கருவிகள் பழசாகிக் கழிக்கப்பட்டபோது, அமெரிக்காவின் சான் டியாகோ ஹாம்கள் அந்தப் போர்டுகளை இப்படித்தான் மாற்றினார்கள்.

நான் எடுத்துக்கொண்ட போர்டில் இருப்பது பெரிக்ரின் நிறுவனத்தின் பிஇ3336. 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் பிஎல்எல் சிப், 44 கால்கள். வோல்டேஜால் அலைவரிசை மாறும் விசிஓ என்ற ஆசிலேட்டரை, நிலையான ஒரு ரெஃபரன்ஸ் அலைவரிசையோடு ஒப்பிட்டுப் பிடித்து நிறுத்துவதுதான் பிஎல்எல்லின் வேலை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதையே சொல்வேன். இதற்கு புரோகிராம் எழுதவே தேவையில்லை. சில கால்களை 3 வோல்ட்டிலோ கிரவுண்டிலோ கட்டிவிட்டால் அலைவரிசை அமைந்துவிடும்.

முதலில் மின்சாரம். போர்டில் உள்ள ரெகுலேட்டர்களின் எண்ணைப் படியுங்கள். 7805 இருந்தால் உள்ளே 8 வோல்ட் கொடுக்கலாம், 7812 இருந்தால் 15. பவர் சப்ளையின் கரன்ட் வரம்பைக் குறைவாக வைத்து மெல்ல ஏற்றுங்கள். எதுவும் கை பொறுக்காத அளவுக்குச் சுடக்கூடாது.

அடுத்து கால்களைப் படிப்பது. இந்த வேலையின் உயிரே இதுதான், அவசரப்படாதீர்கள். சிப்பின் டேட்டாஷீட்டை இறக்கிக்கொள்ளுங்கள். போர்டு நேரடி முறையில் (கால்களைக் கட்டியே அமைக்கும் முறை) ஓடுகிறதென்றால் பிமோட் என்ற கால் 3 வோல்ட்டில் இருக்கும். பிறகு வகுக்கும் எண்களை இரும எண்ணாகச் சொல்லும் கால்களான எம்6 முதல் எம்0 வரை, ஏ3 முதல் ஏ0 வரை, ஆர்3 முதல் ஆர்0 வரை ஒவ்வொரு காலிலும் வோல்டேஜ் பாருங்கள். 3 வோல்ட் என்றால் 1, இல்லையென்றால் 0. எனக்கு வந்தது இது:

எம்: 1111100, அதாவது 124
ஏ: 0010, அதாவது 2
ஆர்: 0100, அதாவது 4

கணக்கு எளிது. எம்மோடு 1 கூட்டி, 10-ஆல் பெருக்கி, ஏயைச் சேர்த்தால் 1252. போர்டில் இருந்த ரெஃபரன்ஸ் 10 மெகாஹெர்ட்ஸ். அதை ஆர் கூட்டல் 1, அதாவது 5-ஆல் வகுத்தால் 2 மெகாஹெர்ட்ஸ். 1252-ஐ 2-ஆல் பெருக்க, 2504 மெகாஹெர்ட்ஸ். போர்டு தன் பழைய வேலையைச் சொல்லிவிட்டது.

நமக்கு வேண்டியது 2556. அதில் பாதி 1278. அப்படியென்றால் எம் 126 (1111110), ஏ 8 (1000). ஆரைத் தொட வேண்டாம். அதை மாற்றினால் லூப் ஃபில்டரையும் (விசிஓவுக்குப் போகும் வோல்டேஜைச் சீராக்கும் பகுதி) திரும்பக் கணக்குப் போட வேண்டிவரும். ஆக மாற வேண்டியவை மூன்றே கால்கள்: எம்1 மேலே (3 வோல்ட்), ஏ3 மேலே, ஏ1 கீழே (கிரவுண்ட்).

கால்களைப் பிரிப்பது. இந்தச் சிப்பின் கால்கள் உள்நோக்கி மடிந்தவை. இழுத்துத் தூக்கப் பார்த்தால் முறிந்துவிடும். பூதக்கண்ணாடி வழியே பார்த்து, காலுக்குப் போகும் செப்புக் கோட்டை பிளேடால் இரண்டு இடத்தில் வெட்டி, நடுத்துண்டைச் சுரண்டி எடுங்கள். பிறகு தலைமுடி போன்ற எனாமல் கம்பியால் புது இடத்துக்கு இணைத்துவிடலாம். மேலே கட்டுவது 3 வோல்ட்டுக்கு மட்டும். பக்கத்தில் கைக்கு வாகாக 5 வோல்ட் இருக்கும், அதில் கட்டாதீர்கள். என் முதல் போர்டு அப்படித்தான் போனது.

லாக் ஆனதா, அதாவது விசிஓ ரெஃபரன்ஸோடு பூட்டிக்கொண்டு நின்றதா? விசிஓவுக்குப் போகும் டியூனிங் வோல்டேஜை அளந்து பாருங்கள். நடுவாந்திரமாக அசையாமல் நின்றால் நல்லது. ஒரேயடியாக மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் விசிஓவுக்கு 2556 எட்டவில்லை என்று அர்த்தம். வேறு போர்டைத் தேடுங்கள்.

சிக்னலைப் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். கணினியில் செருகும் சாதாரண ஆர்டிஎல் டாங்கிள் ரேடியோ 2556 வரை எட்டாது, ஆனால் டிஷ் ஆன்டெனாவின் எல்என்பி (சிக்னலைப் பிடித்து இறக்கித் தரும் தலைப்பகுதி) அதன் நான்கு மடங்கையே பிடிக்கும். எல்என்பியின் ஆசிலேட்டர் 9750 மெகாஹெர்ட்ஸ் ரகமாக இருக்க வேண்டும். போர்டிலிருந்து கசியும் நான்காவது ஹார்மோனிக் (நான்கு மடங்கு அலைவரிசை) 10224. இரண்டையும் கழித்தால் 474 மெகாஹெர்ட்ஸ், டாங்கிளுக்கு அது சுலபம். எல்என்பிக்கான மின்சாரத்தைப் பவர் இன்செர்ட்டர் (கேபிளில் மின்சாரம் சேர்க்கும் சிறு கருவி) வழியே கொடுங்கள், அது டாங்கிள் பக்கம் வரவே கூடாது. திரையில் 474-ஐ ஒட்டி, எல்என்பியின் பிசகுக்கு ஏற்பக் கொஞ்சம் தள்ளி, ஒல்லியான ஒற்றைக் கோடு தெரியும். விசிஓ டப்பா மேல் விரலை வையுங்கள். கோடு நகராவிட்டால் லாக் ஆகியிருக்கிறது.

பத்து நிமிடம் சூடேறவிட்ட பிறகே அளவெடுங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸில் 10 ஹெர்ட்ஸ் பிசகினால், 10224-ல் அது 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஆகிவிடும். குரல் கேட்க வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல்தான் இருக்கும்.

இதே போர்டை 10368-க்கே பீக்கன் (அடையாள சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும் கருவி) ஆக்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அதற்கு 2592 வேண்டும், எம் 128 ஆக வேண்டும். நேரடி முறையில் எம்முக்கு ஏழு கால்கள்தான், 127-க்கு மேல் ஏறாது. ஏயை 15 வரை தள்ளினாலும் 2590-ல் நின்றுவிடும், இரண்டே இரண்டு மெகாஹெர்ட்ஸ் குறை! அதற்குச் சீரியல் முறைக்கு மாறி, ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து 20 பிட் அனுப்ப வேண்டும். இரண்டாவது போர்டு அதற்காக மேசைமேல் காத்திருக்கிறது.