அறைக்குள்ளேயே தேடாதீர்கள்: ஜப்பான் நகர விடுதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவிலோ ஒசாகாவிலோ நடுத்தர விடுதி ஒன்றில் அறைக் கதவைத் திறந்ததும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க வழி இருக்காது. குளியலறையில் பல் துலக்கும் பிரஷ்கூட இருக்காது. உடனே தொலைபேசியை எடுத்து வரவேற்பு மேசையோடு சண்டைக்கு நிற்பதுதான் முதல் தவறு. இவ்வகை விடுதிகள் அறையைச் சுருக்கி, வசதிகளைக் கட்டடம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கின்றன. அறையையே விடுதி என்று நினைப்பவர், கொடுத்த பணத்தில் பாதியை அனுபவிக்காமலே கிளம்புவார்.

பிரஷ், சீப்பு, ரேசர் எல்லாம் பெரும்பாலும் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் போகும் வழியிலுள்ள அலமாரியில் இருக்கும். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைக் குறைக்கச் சொல்லும் சட்டம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், பல விடுதிகள் இவற்றை அறையில் வைப்பதை நிறுத்திவிட்டன. தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இலவசம் என்பதற்காகக் கை நிறைய அள்ளுவது அழகல்ல. பிரஷை ஊருக்கு எடுத்துப் போகலாம். துண்டும், அறையில் உடுத்தத் தரும் யுகாதா என்ற பருத்தி அங்கியும் விடுதிக்குச் சொந்தம்.

மிகப் பெரிய இழப்பு பொதுக் குளியலறையைத் தவறவிடுவது. மேல்மாடியிலோ அடித்தளத்திலோ வெந்நீர்த் தொட்டியுடன் இது அமைந்திருக்கும். தங்குபவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. இயற்கை வெந்நீர் ஊற்று என்றால் குளியல் வரியாகச் சிறு தொகை, பொதுவாக ஆளுக்கு 150 யென், சேரும். கூச்சத்தால் இதை ஒதுக்கிவிட்டு, முழங்கால் மடக்கி உட்காரும் அறைத்தொட்டியோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

இங்கேதான் தவறுகளும் அதிகம். தொட்டி அழுக்கைக் கழுவும் இடமல்ல. சுவரோரம் சிறு முக்காலியும் கைப்பிடி ஷவரும் இருக்கும்; அங்கே உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை முழுதும் போகக் கழுவிய பிறகே நீரில் இறங்க வேண்டும். நீச்சலுடை கூடாது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் என்பதால் எல்லோரும் ஆடையின்றித்தான் குளிக்கிறார்கள். கையிலிருக்கும் சிறு துண்டு நீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். நீண்ட கூந்தலைத் தூக்கிக் கட்ட வேண்டும். பல இடங்களில் துண்டை அறையிலிருந்தே கொண்டுபோக வேண்டும்; பெண்கள் பகுதிக் கதவுக்கு எண் பூட்டு இருந்தால் அந்த எண்ணை விடுதிக்கு வந்து பதிவு செய்யும்போதே சீட்டில் தருவார்கள், அந்தச் சீட்டைத் தொலைத்துவிட வேண்டாம். பச்சை குத்தியிருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். சில விடுதிகள் அனுமதிப்பதில்லை. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு: சில விடுதிகளில் குளியலறையில் எவ்வளவு நெரிசல் என்பதை அறைத் தொலைக்காட்சியே காட்டும்.

யுகாதாவை இடப்பக்கம் மேலே வரும்படி கட்ட வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. இந்த அங்கியோடு குளியலறைக்குப் போகலாம். காலை உணவுக்கூடத்துக்குள் விடுவார்களா என்பது விடுதிக்கு விடுதி மாறும். வசதியான பெரிய விடுதிகளில் வரவேற்புக்கூடத்துக்கே அப்படி வரக்கூடாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சைவர்கள் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பில் இறைச்சித் துண்டு இல்லை என்பதால் அது சைவமாகிவிடாது. அடிச்சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்தது. டோர்மி இன் என்ற தொடர் விடுதிகளில் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் இலவசமாகத் தரும் நூடுல்ஸும் சைவர்களுக்கு உதவாது. மற்றவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. ‘நாமே சமைத்துக்கொள்ளலாம்’ என்று ஊரிலிருந்து மின்சாரக் குக்கரைத் தூக்கிப் போவதும் வீண் சுமை. அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த குக்கருக்கு ஐந்தில் ஒரு பங்குச் சூடுகூடக் கிடைக்காது. அறையில் சமைப்பதை விடுதிகள் பொதுவாக அனுமதிப்பதும் இல்லை. வெந்நீர்க் கெட்டில் பெரும்பாலும் அறையிலேயே இருக்கும். மைக்ரோவேவ் ஏதாவதொரு தளத்தில் இருக்கும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்கு 100 யென் நாணயங்களைச் சேர்த்து வையுங்கள். பல இயந்திரங்கள் சோப்பைத் தாமே சேர்த்துக்கொள்ளும். தெரியாமல் நாமும் கொட்டினால் நுரைதான் மிஞ்சும். இரவு ஒன்பது, பத்து மணிக்கு எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். துவைத்து முடிந்த துணியை இயந்திரத்திலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போவது, காத்திருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரயிலேறுவதும் தேவையற்ற சிரமம். டோக்கியோவிலிருந்து கியோட்டோ, ஒசாகா செல்லும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நீள, அகல, உயரத்தைக் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டி இருந்தால், 2020 மே மாதம் முதல் அதை வைக்க இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பதில் வரவேற்பு மேசையில் கொடுத்தால், கட்டணம் பெற்றுக்கொண்டு அடுத்த விடுதிக்குக் கூரியரில் அனுப்பிவிடுவார்கள். இந்த நகரங்களுக்கு இடையே வழக்கமாக மறுநாள் போய்ச் சேரும். அன்று பெட்டி எடுக்கும் நேரம் தாண்டிவிட்டால் ஒரு நாள் தள்ளிப்போகும் என்பதால் கடைசி நேரத்தை முந்தின இரவே கேட்டு வையுங்கள். கூரியர் சீட்டில் அடுத்த விடுதியின் முகவரியோடு, முன்பதிவில் உள்ள பெயரையும் தங்கும் தேதியையும் எழுத வேண்டும். மருந்து, சார்ஜர், ஒரு மாற்றுடை தோள்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பயணிகள் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம்.