குறைந்த விலை ரைஃபிள் ஸ்கோப்: தேர்ந்தெடுப்பது முதல் ஜீரோ செய்வது வரை

விலை குறைந்த ஸ்கோப் (துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) என்றால் தயாரித்தவர் எங்கோ ஓரிடத்தில் செலவைக் குறைத்திருப்பார். அது கண்ணாடியிலா, டர்ரெட்டிலா (குறியை மேல்-கீழாகவும் இட-வலமாகவும் நகர்த்தும் குமிழ்), பெட்டிக்குள் சேர்த்துக் கொடுக்கும் மவுண்டிலா (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் தாங்கி) என்று பார்த்து வாங்கத் தெரிந்தால் சிறிய தொகையிலேயே பல ஆண்டு உழைக்கும் ஸ்கோப் கிடைக்கும். "இந்த ஸ்கோப் சரியில்லை" என்று தூக்கிப் போடப்படும் பலவற்றில் உண்மையான குறை ஸ்கோப்பில் இருப்பதில்லை. ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் தளர்ந்திருக்கும், அல்லது பாரலாக்ஸ் தூரம் (2ஆம் பகுதியில் விளக்கம்) பொருந்தாமல் இருக்கும். அதனால் இந்தக் குறிப்பில் வாங்குவதைவிடப் பொருத்துவதற்கும், குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வதற்குமே (இதுதான் ஜீரோ செய்தல்) அதிக இடம்.

கீழே சொல்லும் எந்த வேலையைத் தொடங்கும் முன்னும் துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, குண்டு உட்காரும் சேம்பரைக் கண்ணால் பாருங்கள்; விரலாலும் தொட்டுப் பாருங்கள். உரிமம், சுடும் இடம் பற்றி உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி நடங்கள். போட்டிக்காகப் பழகுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒலிம்பிக்கில் உள்ள 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. ஃபீல்ட் டார்கெட் (வெவ்வேறு தூரத்து இலக்குகளை ஏர் ரைஃபிளால் சுடுவது), பெஞ்ச்ரெஸ்ட் (மேசையில் துப்பாக்கியைத் தாங்க வைத்துச் சுடுவது) போன்றவற்றில்தான் அது பயன்படும்.

1. பெட்டியில் உள்ள எண்களைப் படித்தல்

3-9×40 என்று இருந்தால், உருவத்தை 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கும். முன்பக்க வில்லையின் விட்டம் 40 மில்லிமீட்டர். 4×32 என்றால் உருப்பெருக்கம் 4 மடங்குதான், மாற்ற முடியாது.

இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 3-9×40 ஸ்கோப்பில் 9 மடங்கு வைத்தால் 4.4 மில்லிமீட்டர். பகல் வெளிச்சத்தில் கண்மணி 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் விரியும் என்பதால் இது தாராளம். ஆனால் 6-24×50 ஸ்கோப்பை 24 மடங்கில் வைத்தால் 2.1 மில்லிமீட்டர்தான். மாலையில் படம் இருண்டுவிடும், தலை சற்று நகர்ந்தாலே கறுப்பு விழும். அதே விலைக்கு 6-24×50 கிடைக்கிறது, ஒளிரும் ரெட்டிகிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு) இருக்கிறது என்றால், அந்தக் கூடுதல் வசதிகளுக்கான பணம் கண்ணாடியிலிருந்தும் டர்ரெட்டிலிருந்தும்தான் எடுக்கப்பட்டிருக்கும். தொடக்கக்காரருக்கு எங்கள் பரிந்துரை 3-9×40. பட்ஜெட் அதற்கும் கீழே என்றால் 4×32. நகரும் பாகங்கள் குறைவாக இருப்பதால், ஒரே விலையில் மாறாத உருப்பெருக்க ஸ்கோப்தான் உறுதியாக இருக்கும்.

குழாய் விட்டம் 1 அங்குலம் அல்லது 30 மில்லிமீட்டர் இருக்கும். 30 மில்லிமீட்டர் குழாய் அதிக வெளிச்சம் தரும் என்பது தவறான நம்பிக்கை. அதில் டர்ரெட் நகர்வதற்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

கண்ணாடிப் பூச்சைப் பொறுத்தவரை "ஃபுல்லி மல்டி கோட்டட்" என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். எல்லா வில்லைப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது என்று பொருள். வெறும் "கோட்டட்" என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரே ஓர் அடுக்காகவும் இருக்கலாம். உள்ளே நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயு நிரப்பியிருந்தால் குளிரிலும் மழையிலும் உட்புறம் ஆவி படியாது.

2. எந்தத் துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப்

தொடக்கக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

இலக்கின் படம் விழும் தளமும் ரெட்டிகிள் இருக்கும் தளமும் ஒன்றாக இல்லாவிட்டால், கண் நகரும்போது குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வதுபோலத் தெரியும். இதுதான் பாரலாக்ஸ். மலிவான ஸ்கோப்புகளில் இது ஒரே தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டு வரும். பெரிய ரைஃபிளுக்கானவற்றில் வழக்கமாக 100 கெஜம், .22 ரிம்ஃபயருக்கானவற்றில் (சிறிய தோட்டா சுடும் ரைஃபிள்) 50 அல்லது 60 கெஜம். 100 மீட்டருக்குச் சரிசெய்த 40 மில்லிமீட்டர் ஸ்கோப்பை வைத்து 25 மீட்டரில் சுட்டால், கண் ஓரத்துக்குப் போகும் மோசமான நிலையில் 15 மில்லிமீட்டர் வரை பிழை வரும். கணக்கு எளிது: வில்லை விட்டத்தில் பாதியான 20ஐ, இரு தூரங்களின் வித்தியாசமான 75ஆல் பெருக்கி, 100ஆல் வகுக்க வேண்டும். ஏர் ரைஃபிளில் 15 மில்லிமீட்டர் என்பது குறி தவறியதற்குச் சமம். ஆகவே ஏர் ரைஃபிளுக்கு 10 மீட்டர் அளவு வரை இறங்கக்கூடிய, முன்வில்லையிலோ பக்கக் குமிழிலோ பாரலாக்ஸ் திருகும் வசதி உள்ள ஸ்கோப்பையே வாங்குங்கள்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. தோட்டா சுடும் துப்பாக்கி பின்னோக்கி மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் முனையில் மோதும்போது சட்டென்று முன்னாலும் இழுக்கும். இந்த இரட்டை அதிர்ச்சிக்காக வடிவமைக்காத ஸ்கோப்பில் உள்வில்லைகள் தளரலாம், ரெட்டிகிள் கம்பி அறுந்துபோகலாம். விலை உயர்ந்த வேட்டை ஸ்கோப்பும் இதற்குத் தப்புவதில்லை. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும்.

உதை அதிகமுள்ள ரைஃபிளுக்குக் கண் இடைவெளி (முழுப் படமும் தெரியக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம்) முக்கியம். குறைந்தது 90 மில்லிமீட்டராவது பாருங்கள். இல்லையென்றால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் மூன்று சோதனைகள் செய்யுங்கள். லேசாகக் குலுக்கினால் உள்ளே எதுவும் ஆடும் சத்தம் வரக் கூடாது. டர்ரெட்டின் ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கடைசியாக, ஸ்கோப்பை அசையாமல் ஒரு மேடையில் வைத்து தூரத்துப் புள்ளி ஒன்றில் குறுக்குக்கோட்டை நிறுத்தி, உருப்பெருக்க வளையத்தை முழுவதும் திருப்புங்கள். கோடு அந்தப் புள்ளியை விட்டு வெளிப்படையாக நகர்ந்தால் அந்த ஸ்கோப் வேண்டாம்.

3. மவுண்டும் ரிங்கும்

ஸ்கோப்போடு இலவசமாக வரும் ரிங்குகளைப் பெரும்பாலும் ஒதுக்கி வைப்பதே நல்லது. மென்மையான உலோகம், ஸ்க்ரூ தலை சீக்கிரம் மழுங்கிவிடும். மொத்தப் பணத்தில் ஒரு பங்கை மவுண்டுக்கென்று முதலிலேயே எடுத்து வையுங்கள்.

துப்பாக்கியின் மேல் மவுண்டை மாட்டும் ரெயில் எந்த வகை என்று பாருங்கள். ஏர் ரைஃபிளிலும் .22விலும் 11 மில்லிமீட்டர் டவ்டெயில் (இரு ஓரமும் உள்நோக்கிச் சரிந்த நீள ரெயில்) பொதுவானது. குறுக்கே பள்ளங்கள் இருந்தால் வீவர் அல்லது பிக்கட்டினி. வீவர் ரிங் பெரும்பாலும் பிக்கட்டினி ரெயிலில் உட்காரும். பிக்கட்டினி ரிங் வீவரில் உட்காராது, ஏனென்றால் அதன் குறுக்குக் கட்டை அகலமானது.

ரிங் உயரம் கூடியவரை தாழ்வாக இருக்கட்டும். முன்வில்லைக் கூண்டுக்கும் குழலுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். போல்ட் கைப்பிடி கண்ணருகு வில்லையில் இடிக்காமல் திறக்க வேண்டும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஒற்றைத் துண்டு மவுண்டும் அதன் ஸ்டாப் பின்னும் (மவுண்டை நகரவிடாமல் தடுக்கும் சிறு முளை) கட்டாயம். அந்த முளை ரெயிலில் உள்ள துளையில் இறங்காவிட்டால், ஒவ்வொரு சுடுதலுக்கும் ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஊர்ந்துகொண்டே வரும்.

4. பொருத்துதல்

ரெயில், ரிங், ஸ்கோப் குழாய் மூன்றையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிக்கட்டினி ரெயிலாக இருந்தால் ரிங்கைப் பள்ளத்துக்குள் முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். உதைக்கும்போது ஸ்கோப் முன்னால் நகரப் பார்க்கும். ஏற்கெனவே முட்டி நின்றால் நகர இடமிருக்காது. பிறகு ஸ்கோப்பை வைத்து, மேல் மூடியை ஸ்கோப் நகரக்கூடிய அளவுக்கு மட்டும் பிடிப்பாகப் போடுங்கள்.

அடுத்தது கண் இடைவெளி. உருப்பெருக்கத்தை உச்சத்தில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாகச் சுடும் நிலையில் துப்பாக்கியைத் தோளில் பொருத்திக் கன்னத்தைப் பதித்த பிறகு கண்ணைத் திறங்கள். ஓரத்தில் கறுப்புப் பிறை இல்லாமல் முழு வட்டம் தெரியும் வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நின்று சுடும்போது சரியாக இருப்பது, படுத்துச் சுடும்போது இருக்காது. படுத்தால் தலை முன்னால் போகும். எந்த நிலையில் அதிகம் சுடுவீர்களோ அதற்கு வையுங்கள்.

பிறகு குறுக்குக்கோட்டை நிமிர்த்த வேண்டும். நூலில் ஒரு கனமான பொருளைக் கட்டித் தூரத்தில் தொங்கவிடுங்கள். துப்பாக்கியை ரசமட்டத்தால் நேராக நிறுத்தி, செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒட்டும்படி ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். இதில் 3 டிகிரி சாய்வு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தூரத்து இலக்குக்காக 20 எம்ஓஏ (கோண அளவு; ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு 1 எம்ஓஏ) மேலே திருகினால் குண்டு 1 எம்ஓஏ பக்கவாட்டில் விலகும். 100 மீட்டரில் அது 3 சென்டிமீட்டர்.

இறுக்கும்போது ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி, ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருகுங்கள். மூடியின் இருபுற இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். மூடி ஸ்க்ரூவுக்குப் பொதுவான அளவு 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். உங்கள் ரிங்கோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டார்க் ரென்ச் இல்லாவிட்டால் சிறிய எல்-சாவியின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இரண்டு விரலால் இறுக்குங்கள். அதற்கு மேல் பலம் போட்டால் குழாய் நசுங்கி உருப்பெருக்க வளையம் கடினமாகும், உள்ளிருக்கும் பாகங்கள் நகராமல் சிக்கும்.

5. கண்ணுக்குக் குவியம்

ஸ்கோப்பை வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ பார்க்க வைத்து, கண்ணருகு வில்லையைத் திருகி ரெட்டிகிள் கூர்மையாகத் தெரியும்படி செய்யுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விநாடி மட்டும் பார்த்து, கண்ணை விலக்கி மறுபடி பாருங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும், அளவு தவறிவிடும். சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள், பார்வை போய்விடும்.

6. ஜீரோ செய்தல்

பின்னால் பாதுகாப்பான மண்மேடோ தடுப்போ உள்ள இடத்தில், மணல் மூட்டையில் துப்பாக்கியைத் தாங்க வைத்து, 25 மீட்டரில் பெரிய காகிதத்தில் தொடங்குங்கள். போல்ட் ஆக்‌ஷன் என்றால் போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்னாலிருந்து குழல் வழியாக இலக்கின் மையத்தைப் பாருங்கள். துப்பாக்கி அசையாமல் குறுக்குக்கோட்டையும் அதே மையத்துக்குக் கொண்டுவந்தால், முதல் குண்டே காகிதத்தில் விழ வாய்ப்பு அதிகம்.

மூன்று குண்டு சுடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே மையத்தைக் குறிபார்த்து. ஒற்றைக் குண்டை நம்பி டர்ரெட்டைத் திருகக் கூடாது. மூன்று ஓட்டைகளின் நடுப்புள்ளியைத்தான் அளக்க வேண்டும்.

1 எம்ஓஏ என்பது 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். கால் எம்ஓஏ டர்ரெட்டில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7.3 மில்லிமீட்டர், 50இல் 3.6, 25இல் 1.8. மில்ராட் என்ற இன்னொரு கோண அளவில் வரும் டர்ரெட்டில் 0.1 மில்ராட் கிளிக் 100 மீட்டரில் சரியாக 10 மில்லிமீட்டர். இப்போது 25 மீட்டரில் நடுப்புள்ளி 30 மில்லிமீட்டர் கீழேயும் 18 மில்லிமீட்டர் வலப்புறமும் விழுந்தால், கால் எம்ஓஏ டர்ரெட்டில் 17 கிளிக் மேலே, 10 கிளிக் இடப்புறம். டர்ரெட்டில் உள்ள அம்புக்குறி குண்டு நகரும் திசையைக் காட்டுவது. குறுக்குக்கோடு நகரும் திசையை அல்ல.

மலிவு டர்ரெட்டுகளில் திருகியதும் உள்ளே முழுதாக நகராமல், ஓரிரு குண்டு சுட்ட பிறகு அதிர்ச்சியில் வந்து உட்காரும் பழக்கம் உண்டு. அதனால் திருகியபின் வரும் முதல் குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 25 மீட்டரில் சரியானதும் உங்கள் உண்மையான தூரத்துக்குப் போய் மீண்டும் செய்யுங்கள். ஏர் ரைஃபிளுக்கு 25 முதல் 30 மீட்டரும், .22வுக்கு 50 மீட்டரும் நல்ல ஜீரோ தூரம். குண்டின் வகையையோ எடையையோ மாற்றினால் ஜீரோவும் மாறும். எதை வைத்து ஜீரோ செய்தீர்களோ அதையே சுடுங்கள்.

மலிவு ஸ்கோப்புகளில் பெரும்பாலும் உருப்பெருக்கம் மாறினாலும் ரெட்டிகிளின் அளவு மாறாது. ஆகவே ரெட்டிகிளின் மையத்துக்குக் கீழே உள்ள புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டால், அவை ஓர் உருப்பெருக்கத்தில் மட்டுமே பொருந்தும். வழக்கமாக அது உச்ச எண்.

7. தவறினால் எங்கே பார்ப்பது

ஓட்டைகள் காகிதமெங்கும் சிதறினால் டர்ரெட்டைத் தொடாமல், மவுண்ட் ஸ்க்ரூ, ரிங் ஸ்க்ரூ, கட்டைப்பிடி ஸ்க்ரூ என்ற வரிசையில் சோதியுங்கள். ரிங் அருகே குழாயில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால், ஸ்கோப் வழுக்குகிறதா என்று பத்துக் குண்டுக்குள் தெரிந்துவிடும்.

டர்ரெட் மேலே திருகி முடிந்தும் குண்டு கீழேயே விழுந்தால், அது பெரும்பாலும் குழலை மடக்கிக் குண்டு போடும் ஏர் ரைஃபிள்களில் குழல் சற்றுக் கீழ்நோக்கி இருப்பதால் வருவது. கடைசி எல்லையில் டர்ரெட்டை நிறுத்தினால் உள் ஸ்பிரிங் தளர்ந்து ஜீரோ அலையும். அதற்குப் பதிலாகப் பின்பக்க ரிங்கின் அடியில் பழைய ஃபிலிம் துண்டு ஒன்றோ இரண்டோ வைக்கலாம். அதிகம் தேவைப்பட்டால் குழாய் வளையும், அப்போது சாய்வு உள்ள மவுண்டுதான் சரி.

ஸ்க்ரூ எல்லாம் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் பெட்டிச் சோதனை செய்யுங்கள். 50 மீட்டரில் ஒரே மையத்தைக் குறிபார்த்து மூன்று குண்டு. 20 கிளிக் மேலே திருகி மூன்று. 20 வலம், மூன்று. 20 கீழே, மூன்று. 20 இடம், மீண்டும் மூன்று. கால் எம்ஓஏ டர்ரெட் என்றால் பக்கம் சுமார் 73 மில்லிமீட்டர் உள்ள சதுரம் கிடைத்து, கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேலேயே விழ வேண்டும். சதுரம் சிறிதாகவோ பெரிதாகவோ வந்து, தொடங்கிய இடத்துக்குத் திரும்பினால் அந்த ஸ்கோப்பை வைத்துக்கொள்ளலாம். உண்மையான கிளிக் அளவை ஒரு சீட்டில் குறித்து ஒட்டிக்கொள்ளுங்கள். திரும்பவே இல்லை என்றால், உத்தரவாதக் காலம் முடியும் முன் மாற்றிக் கேளுங்கள்.