ஹீட் சிங்க் ஃபின் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னணுச் சில்லின் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகப் பாகமான ஹீட் சிங்க் போதவில்லை என்று தெரிந்ததும் பலரும் முதலில் செய்வது, அதில் வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகளான ஃபின்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான். பரப்பளவு கூடினால் வெளியேறும் வெப்பமும் கூடும் என்ற கணக்கு தவறன்று. ஆனால் அந்தப் பரப்பு வரை வெப்பம் வந்து சேர வேண்டும், அதை உரசியபடி காற்றும் ஓட வேண்டும் என்பதைக் கவனிக்காமல் விடுவதிலிருந்தே பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

விசிறி இல்லாத ஹீட் சிங்க்கில் இது பளிச்செனத் தெரியும். சூடான ஃபினை ஒட்டி மேலெழும் காற்று மெல்லிய படலமாகத் தொடங்கி, மேலே போகப்போகத் தடிக்கிறது. எதிரெதிர் ஃபின்களின் படலங்கள் இடையிலேயே முட்டிக்கொண்டால், அதற்கு மேலுள்ள பரப்பு ஏற்கெனவே சூடேறிய காற்றில்தான் நிற்கிறது. செங்குத்து நீளம் 100 மி.மீ. உள்ள ஃபின்கள் சுற்றுப்புறத்தைவிட 40 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் இருந்தால், உகந்த இடைவெளி ஏறத்தாழ 6 முதல் 7 மி.மீ. வரை அமையும். விசிறிக்காகச் செய்யப்பட்ட, 2 மி.மீ. இடைவெளியே உள்ள ஹீட் சிங்க்கை விசிறியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துவோர் ஏமாறுவது இதனால்தான். இடைவெளியைச் சரியாக வைத்துவிட்டு, ஃபின்கள் கிடைமட்டமாக ஓடும்படி சுவரில் பொருத்தினாலும் பயனில்லை. மேலெழும் காற்றுக்கு ஒவ்வொரு ஃபினும் ஒரு தடுப்பாகிவிடும்.

அடுத்தது, ஃபின்களை அவை முளைக்கும் அடித்தகட்டிலிருந்து வெளிப்புறமாக அளவுக்கு மீறி நீட்டுவது. அடித்தகட்டிலிருந்து நுனியை நோக்கிப் போகப்போக ஃபினின் வெப்பநிலை குறைகிறது. குளிர்ந்த நுனி காற்றுக்குக் கொடுப்பது சொற்பமே. 1 மி.மீ. தடிப்புள்ள அலுமினிய ஃபினை எடுத்துக்கொள்வோம்: அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 200 வாட், விசிறிக் காற்றின் வெப்பப் பரிமாற்றக் கெழு (பரப்பிலிருந்து காற்று எவ்வளவு எளிதாக வெப்பத்தை வாங்குகிறது என்பதன் அளவு) சதுர மீட்டர்-கெல்வினுக்கு 50 வாட் என்க. 50 மி.மீ. நீட்டத்தில் ஃபினின் திறன் (ஃபின் முழுவதும் அடித்தகட்டின் சூட்டிலேயே இருந்தால் வெளியேறக்கூடிய வெப்பத்தில், உண்மையில் வெளியேறும் பங்கு) சுமார் 72 விழுக்காடு. நீட்டத்தை 100 மி.மீ. ஆக்கினால் அது 44 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. அதாவது, உலோகத்தை இரட்டிப்பாக்கியும் வெளியேறும் வெப்பம் 21 விழுக்காடு அளவுக்கே கூடுகிறது. இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வரைபடத்தை அனுப்பிவிடுவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் ஒன்று.

இதே கணக்கு செம்பு மோகத்தையும் தெளிவித்துவிடும். விசிறி இல்லாதபோது பரிமாற்றக் கெழு 6 அளவுக்கே இருப்பதால், மேற்சொன்ன 50 மி.மீ. அலுமினிய ஃபினே 95 விழுக்காடு திறனுடன் வேலை செய்கிறது. அங்கே செம்புக்கு மாறினால் எடை மூன்று மடங்குக்கு மேல் ஏறும், பயனோ மிகக் குறைவு. நீண்டு மெலிந்த ஃபின்களும் வேகமான காற்றும் சேரும் இடத்தில்தான் செம்பு தன் விலைக்கு ஈடு கொடுக்கும்.

அடித்தகடும் அடிக்கடி மறக்கப்படுகிறது. விரல்நகம் அளவு சில்லு ஒன்று அகன்ற, மெல்லிய தகட்டின் நடுவே அமர்ந்திருந்தால், ஓரத்து ஃபின்களுக்கு வெப்பம் போய்ச் சேராது. அங்கே ஃபின்களைத் திருத்துவதைவிட அடித்தகட்டைத் தடிப்பாக்குவதோ, வெப்பக் குழாய் (உள்ளே ஆவியாகிக் குளிரும் திரவத்தால் வெப்பத்தை விரைவாகக் கடத்தும் மூடிய குழாய்) பதிப்பதோதான் கைகொடுக்கும்.

விசிறி இருந்தால் நெருக்கமாக அடுக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. இடைவெளி குறுகக் குறுகக் காற்றழுத்த இழப்பு ஏறுகிறது, விசிறி தள்ளும் காற்றின் அளவு குறைகிறது. சுற்றிலும் திறந்த வழி இருந்தால் காற்று ஃபின்களுக்குள் புகாமல் பக்கவாட்டிலும் மேற்புறத்திலும் நழுவிப் போய்விடும். எனவே எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று காட்டும் விசிறியின் அழுத்த-ஓட்ட வரைகோட்டோடு ஒப்பிட்டே இடைவெளியை முடிவு செய்ய வேண்டும், காற்றைத் திசைப்படுத்த ஓர் உறையும் பொருத்த வேண்டும்.

மேற்பூச்சில் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் பிழையே. பளபளப்பான அலுமினியம் மிகக் குறைவாகவே கதிர்வீசும். அனோடைசிங் செய்தால், அதாவது மின்வேதி முறையில் அதன்மேல் ஆக்சைடு படலம் ஏற்றினால், கதிர்வீச்சு பல மடங்கு கூடும். ஆயினும் இந்த வெப்பநிலைகளில் கதிர்வீச்சு அகச்சிவப்பில் நிகழ்வதால், கறுப்பு அனோடைசிங்கும் நிறமற்ற அனோடைசிங்கும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தரும். விசிறி பலமாக ஓடும் ஹீட் சிங்க்கில் கதிர்வீச்சின் பங்கு மிகச் சிறியது என்பதால், அங்கே குளிர்ச்சிக்காக மட்டும் இந்தச் செலவைச் செய்யத் தேவையில்லை.