பிரேக் வேனில் காற்று ஏறாதபோது

சரக்கு ரயிலில் டிரெயின் மேனேஜர் (பழைய பெயர் கார்டு) பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

எண்ணூர் பக்கம் ஒரு இரவு. பிரேக் பிடிக்க உதவும் காற்று இன்ஜினில் 5 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தத்தில் இருந்தும், வண்டியின் கடைசியில் நாம் இருக்கும் பெட்டியான பிரேக் வேனின் கேஜில் முள் 4-ஐத் தாண்டவில்லை. எங்கள் வண்டிக்கு 4.8 வந்தால்தான் புறப்படலாம். முதலில் வாக்கி டாக்கியில் லோகோ பைலட்டிடம் (இன்ஜின் ஓட்டுநர்) சொன்னேன். அவரிடமிருந்து பதில் வராமல் நீங்கள் வேகன் பக்கம் போகவே போகாதீர்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அப்புறம் டார்ச்சைவிடக் காதைத்தான் நம்பினேன். கண்டெய்னர் லாரி இரைச்சல் அடங்கும்வரை பொறுத்து, ஒவ்வொரு இணைப்பாக நின்று கேட்டேன். ஓரிடத்தில் 'உஸ்'. வேகன்களுக்கு இடையே காற்றுக் குழாயை இணைக்கும் ஹோஸ் பைப்பின் வாஷர் கிழிந்திருந்தது. வேகன் பராமரிப்பு ஊழியர் மாற்றினார், முள் ஏறியது.

சரி, உடனே கொடி காட்டிவிடக் கூடாது. காற்று வண்டி முழுக்கத் தொடர்ந்து போகிறதா என்று பார்க்க, வேனில் வால்வைத் திறந்து, இன்ஜினிலும் அழுத்தம் இறங்குகிறதா என்று லோகோ பைலட்டிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே புறப்பட்டோம்.